டென்மார்க் மேக்கு பைப்பு

மேல்வீட்டு நீல்ஸுக்கு என் மனசு எப்படி இருக்கிறது என்று என் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துவிடும். டென்மார்க்கில், ஆர்ஹூஸ் நகரத்தில், நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தில் என் பால்கனிக்கு நேர் மேலே அவருடைய பால்கனி. வேலை முடிந்து வந்து நான் பைப்பைப் பற்ற வைத்தால் புகை நேராக அவரிடம்தான் போகும். ஓய்வு பெற்ற மனிதர், புகார் சொல்லிவிடுவாரோ என்று முதலில் பயந்தேன். அவரோ கம்பிக்கு மேலே தலையை நீட்டி, "இன்றைக்கு லடாக்கியா புகையிலை. ஏதோ சரியில்லை, அப்படித்தானே?" என்பார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். எங்கள் பக்கம் ஒருவன் முகம் வாடியிருந்தால் "இன்னாடா ஒரு மாதிரி கீறே?" என்று கேட்க ஊரே வரும். இங்கே அடுத்தவர் முகத்தை உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு. புகையை மோந்து பார்த்து நலம் விசாரிக்கலாம் போலிருக்கிறது. இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது பழகவில்லை.

சிகரெட்டும் பீடியும் மட்டுமே பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பைப் என்பது ஒரு செடியின் வேர்க்கட்டையைக் குடைந்து செய்த சின்னக் கிண்ணமும் அதற்கு ஒரு ஊதுகுழலும், அவ்வளவுதான். சங்கதி எல்லாம் அதில் போடுகிற கலவையில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு மிளகாய்த்தூள் மணம் மாறுவதுபோல டப்பாவுக்கு டப்பா குணம் மாறும். என்னிடம் எப்போதும் மூன்று டப்பாக்கள் இருக்கும். ஒன்று வனிலா மணக்கிற கேவண்டிஷ். பக்கத்தில் நிற்பவர்களுக்குத்தான் அதில் சுகம்; ஊதுகிறவன் வாயில் வெறும் வெந்நீர் குடித்த மாதிரி இருக்கும். இரண்டாவது லடாக்கியா கலந்தது. சைப்ரஸ் தீவில் விறகுப் புகையில் கட்டித் தொங்கவிட்டுக் கறுக்க வைத்த இலை. தாரும் தோலும் கரியும் சேர்ந்த வாசனை. மழை விடாமல் பெய்கிற நவம்பருக்கு அதுதான் சரி. மூன்றாவது வர்ஜீனியா. இலையை அழுத்திப் பலகையாக்கிச் சீவி வைத்திருப்பார்கள். உள்ளங்கையில் கசக்கிப் போட வேண்டும். அவசரப்பட்டால் நாக்கைச் சுட்டுவிடும். பொறுமையாக ஊதினால் வைக்கோலும் ஆரஞ்சுத் தோலும் கலந்த இனிப்பு ஒன்று மெல்ல வரும். எனக்குப் பொறுமை கிடையாது. ஒன்றைப் பற்ற வைத்துப் பாதியில் தட்டிவிட்டு அடுத்த டப்பாவைத் திறப்பேன். "உனக்கு எதிலயும் இருப்புக் கொள்ளாது" என்று என் மனைவி சொல்வது புகையிலையை மட்டும் பார்த்து இல்லை. புகை நல்லது என்று யாருக்கும் சொல்ல வரவில்லை. கெட்டதுதான், வீட்டுக்குள் எனக்கே அனுமதி கிடையாது.

நீல்ஸ் எனக்குப் பழக்கமானதே ஒரு தப்பான வார்த்தையால். டேனிஷ் மொழியில் பைப்புக்கு 'பீபெ' என்று பேர். மொழி வகுப்பில் சேர்ந்த புதிதில் மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். கற்ற வித்தையைக் காட்டிவிட வேண்டுமே! "யாய் பீபர் வெர் டே" என்றேன். 'நான் தினமும் பைப் குடிக்கிறேன், புகை உங்களுக்குத் தொந்தரவாக இருந்தால் சொல்லுங்கள்' என்பது என் எண்ணம். அவர் முகம் மாறிவிட்டது. என் தோளைத் தட்டிக் கொடுத்தார். சற்று நேரத்தில் ஒரு பிளாஸ்க் நிறைய காப்பியும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார். குளிர்கால இருட்டு எல்லோரையும் இப்படித்தான் செய்யும், மார்ச் வந்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த வகுப்பில் ஆசிரியை சிரித்துவிட்டுச் சொன்னாள்: பீபெ என்பதையே வினைச்சொல்லாகச் சொன்னால் சிணுங்குவது, முனகி அழுவது என்று அர்த்தமாம். நான் அந்த மனிதரிடம் 'தினமும் சிணுங்கிக்கொண்டிருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறேன். அவரிடம் போய் விளக்கினேன், அவரும் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

ஒரே சொல் ஒரு நாட்டில் ஒருவனைச் சிரிக்க வைத்தது. அதே சொல் என் ஊரில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் ஊர் நகரிக்குப் பக்கம். ஆந்திராவில் இருக்கிற தமிழ்க் குடியானவர்கள் நாங்கள். பள்ளிக்கூடம் தெலுங்கில், சண்டை தமிழில். எங்களுக்கு ஒரு மாந்தோப்பு இருக்கிறது, எல்லாம் பெங்களூரா மரம், ஜூஸ் ஃபாக்டரிக்குப் போகிற காய். அம்மா தவறிய பிறகு நைனா தனியாகத்தான் இருக்கிறார். பாலசமுத்திரத்தில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை விஜயா அடிக்கடி வந்து பார்த்துக்கொள்வாள். ஒரு தீபாவளிக்கு நான் போன் செய்தபோது அவளும் அங்கே இருந்தாள். "உனுக்குன்னு இன்னா வாங்கினேண்ணா?" என்று கேட்டாள். எனக்கு அன்று ஒரு சின்னப் பெருமை. பழையது உடைந்துபோய்ப் புதிதாக ஒரு பைப் வாங்கியிருந்தேன்.

"ஒரு பைப் வாங்கினேன் விஜயா. டென்மார்க் மேக்கு. நூறு வருசம் ஆனாலும் ஒன்னும் ஆவாதாம்" என்றேன்.

"பைப்பா? நல்ல விசயம்தாண்ணா" என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார். அடுத்த முறை பேசும்போது, மழை, மாங்காய் எல்லாம் முடிந்த பிறகு, சாதாரணமாகக் கேட்டார்: "பைப்பு பத்திரமா கீதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் பக்கம் மகன் தாத்தாவே ஆனாலும் தகப்பன் எதிரில் புகை பிடிக்கமாட்டான். தகப்பன் தெரு முனையில் தெரிந்தால் எரிகிற பீடியை உள்ளங்கையில் மறைத்துச் சுட்டுக்கொண்ட ஆட்கள் உண்டு. நான் ஏழு கடல் தாண்டி நின்றும் கையிலிருந்த பைப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "கீது நைனா" என்றேன்.

"மழையில வெளிய போட்டு வைக்காத."

"இல்ல நைனா. தெனமும் தொட்ச்சி உள்ளதான் வச்சிக்கினு கீறேன்."

"அது சரி. துரு ஏறிடப் போவுது."

உள்ளே படிகிற கறையைத்தான் துரு என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். என் தகப்பன் என்னை நேரடியாகக் கேட்காமல், திட்டாமல், தொலைவில் தனியாக இருக்கிறவன் எதையோ பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார் என்று நம்பினேன். அதன் பிறகு எல்லாப் போனிலும் அவர் பைப்பை விசாரிப்பார். நானும் கூச்சத்தோடு பதில் சொல்லுவேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு தகப்பன் கிடையாது என்று நீல்ஸிடம் பெருமையடித்தேன். 'நல்ல தகப்பன்' என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

போன கோடையில் நான் மட்டும் ஊருக்குப் போனேன். வேலைக்காகப் போனேன் என்று சொல்ல வேண்டும். சத்தியவேடு பக்கம் வந்திருக்கிற ஒரு தொழிற்சாலையில் என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் ஏற்ற வேலை ஒன்று காலியாக இருந்தது. வீட்டிலிருந்தே போய் வரலாம். வருகிறேன், வரவில்லை என்று லீவு முடிவதற்குள் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். நைனாவுக்கும் இது தெரியும். மகளோ கோபம் வந்தால் டேனிஷில்தான் திட்டுகிறாள். அவளை எங்கே பிடுங்கி எங்கே நடுவது? விமானத்தில் ஏறும்போது வந்துவிடலாம் என்று இருந்தது. சென்னையில் இறங்கும்போது முடியாது என்று இருந்தது.

வந்த அன்று சாப்பாடு போட்டுக்கொண்டே விஜயா கேட்டாள்: "ஏண்ணா, பைப்பு கப்பல்ல வருதா?"

நான் சிரித்துக்கொண்டே பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அவள் கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள். "இதுவா?" என்றாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்தபோது அவள் முகத்தில் பயம் இருந்தது.

"நைனா போர் பைப்புன்னு நெனச்சிக்கினு கீறாருண்ணா" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அந்தத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்பு தோப்பில் இருந்த போர்வெல்லுக்குள் மண் சரியாமல் தாங்குகிற கேசிங் பைப் நொறுங்கி, மண் சரிந்து மூடிக்கொண்டுவிட்டது. போனில் என்னிடம் சொன்னதுதான், நான் அதைப் பைப்போடு சேர்த்துப் பார்க்கவில்லை. எங்கள் தண்ணீரில் உப்பு அதிகம், இரும்பு தாங்காது. எங்கள் ஊரில் யாராவது 'பைப்' என்று சொன்னால் அது மண்ணுக்குள் இறங்குகிற பைப்தான். வேறு பைப்பே கிடையாது. 'டென்மார்க் மேக்கு, நூறு வருசம் ஒன்னும் ஆவாது' என்று மகன் சொன்னதைக் கேட்டவர், மகன் போருக்குப் பைப் வாங்கி வைத்திருக்கிறான், வந்து இறக்குவான், இனி தோப்பை அவன் பார்த்துக்கொள்வான் என்று முடிவு கட்டிவிட்டார். பைப் வாங்குகிறவன் தோப்பை விடமாட்டான் என்பது அவர் கணக்கு. சித்தூர் ரோட்டில் இருக்கிற ஒரு ஜூஸ் ஃபாக்டரிக்காரன் தோப்பை நீண்ட குத்தகைக்குக் கேட்டு வந்தபோது, "என் பையன் பைப்பு வாங்கிட்டான்" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். பக்கத்துத் தோட்டத்து முனிரத்தினத்தின் போரிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் வாங்கி, தள்ளாத வயதில் ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் நகர்த்தியிருக்கிறார்.

"நீயே சொல்லிடுண்ணா. நான் சொன்னா தாங்கமாட்டாரு" என்றாள் விஜயா.

சொல்ல வேண்டியது இரண்டு. பைப் இது இல்லை என்பது ஒன்று. வருகிறேனா இல்லையா என்பது இன்னொன்று. முதலாவதைச் சொன்னால் இரண்டாவதும் தானாக வெளியே வந்துவிடும். அதனால் இரண்டையும் சொல்லாமல் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிக்கொண்டிருந்தேன். சுற்றுகிறவனுக்குப் புகை வேண்டும். அதற்கு ஒரு மறைவிடமும் வேண்டும்.

முதலில் வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்று கேவண்டிஷைப் பற்ற வைத்தேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் எங்கள் சமையலறைக்கே வந்து, "விஜயா, பாயசம் அடிப் புடிக்குது பாரு" என்றார்கள். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. டென்மார்க்கில் தெருவில் போகிறவர்கள் நின்று மூச்சை இழுத்துவிட்டுப் போகிற வாசனை இங்கே பாயசமாகிவிட்டது. டப்பாவை மூடிப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

அடுத்த நாள் தோப்புக்குள் போய் நிழல் பார்த்து உட்கார்ந்து லடாக்கியாவை எடுத்தேன். நவம்பர் மழையில் அருமையாக இருந்தது இந்த வெயிலில் தொண்டையை அறுத்தது. ஈரமே இல்லாமல் சருகு மாதிரி எரிந்தது. நாலு இழுப்பு இழுத்திருப்பேன். வேலியைத் தாண்டிக்கொண்டு முனிரத்தினம் ஓடி வந்தார். "காயில் எரியுது, காயில் எரியுது! மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினார். எங்கள் பக்கம் மோட்டாருக்குள் சுற்றிய கம்பிச்சுருள், அதுதான் காயில், எரிவதைவிடப் பெரிய துக்கம் கிடையாது. அந்த வாசனை தூக்கத்தில் வந்தாலும் குடியானவன் எழுந்து ஓடுவான். ஓடி வந்தவர் எங்கள் மோட்டார் ஷெட்டைப் பார்த்தார். அங்கே மோட்டாரே இல்லை. மரத்தடியில் நான் மட்டும் இருந்தேன், பைப்பை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு. "இன்னாபா, ஒன்னும் வாசன வர்லியா உனுக்கு?" என்றார். ஜலதோஷம் என்று சொன்னேன். "பைப்பு எப்ப எறங்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் வர்ஜீனியாதான் என்னைக் காப்பாற்றியது. அதைத் தோப்பில் ஊதினால் யாருக்குமே தெரியவில்லை. காய்ந்த புல்லும் மாஞ்சருகும் வெயிலில் கிடக்கிற வாசனைக்குள் அது கரைந்துபோனது. ஆர்ஹூஸ் கடைக்காரர் ஒருமுறை சொன்னது ஞாபகம் வந்தது. வர்ஜீனியா என்று எழுதியிருப்பதால் அமெரிக்கா என்று நினைக்காதே, பிரேசிலில் விளைந்ததும் இருக்கும், உங்கள் இந்தியாவில் விளைந்ததும் இருக்கும் என்றார். நாயுடுபேட்டையைத் தாண்டி வடக்கே நெல்லூர், ஒங்கோல் பக்கம் போகும்போது பஸ் ஜன்னலில் நான் பார்த்த புகையிலைக் கொல்லைகளில் எந்தக் கொல்லை இலையோ கப்பலேறிப் போய், அங்கே அழுத்தி வெட்டி, வேறு தேசத்துப் பேரோடு டப்பாவுக்குள் போய், நான் என் காசிலேயே விமானத்தில் திருப்பிக் கொண்டுவந்திருக்கலாம். அதை நினைத்ததும் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. அந்த இலைக்கு ஊர் எது என்று யாரும் கேட்பதில்லை. என்னைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள் நைனா வந்துவிட்டார். பைப்பைத் தட்டிப் பையில் போட்டுக்கொள்ள மட்டும்தான் நேரம் இருந்தது. ஹோஸை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு மூடிக்கிடந்த போர் வாயின் மேல் உட்கார்ந்தார். "ஆறரை இஞ்சுதான?" என்று கேட்டார்.

"நைனா" என்று ஆரம்பித்தேன்.

"கீழ கல்லு நல்லாதான் கீதாம். பழைய பைப்பதான் எட்க்கணுமாம்."

பைக்குள் இன்னும் சூடாக இருந்த பைப்பைக் கையால் பொத்திக்கொண்டேன். என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவரே எழுந்து, "வர்ற சனிக்கெழம மலைக்குப் போலாம். எல்லாத்தயும் அங்க பேசிக்கலாம்" என்றார். மலை என்றால் எங்களுக்குத் திருமலைதான். நான் வந்து சேர்ந்தால் மொட்டை போட்டுக்கொள்வதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். மலைமேல் வாய்விட்டுச் சொன்னதை மாற்றக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். என் அம்மா காய்கறிக்காரியிடம்கூட, "மலைமேல சொல்வியா இந்த வெலய?" என்றுதான் கேட்பாள்.

நகரியில் பஸ் ஏறிப் புத்தூர் வழியாகத் திருப்பதி போய்ச் சேர்ந்தோம். நைனா டீ குடித்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஓரமாக ஒதுங்கி அவசரமாக நாலு இழுப்பு இழுத்துவிட்டு பைப்பையும் புகையிலைப் பொட்டலத்தையும் தோள்பையின் பக்க அறையில் போட்டேன். வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். மலைக்குப் பீடி, சிகரெட், சாராயம் எதுவும் கொண்டுபோகக் கூடாது, மலையடிவாரத்து அலிபிரியில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று எங்கள் ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரிந்ததுதான். ஊரை விட்டுப் போனவனுக்குப் பேச்சு மறக்காது, சாப்பாடு மறக்காது. எதை எங்கே கொண்டுபோகக் கூடாது என்பதுதான் முதலில் மறந்துபோகும்.

அலிபிரியில் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். என் பை கருவிக்குள் போய் வந்ததும் காவலர் ஒருவர் பக்க அறையைத் திறந்தார். பொட்டலம் வந்தது. பின்னாலேயே பைப் வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, "இதேன்டி?" என்று தெலுங்கில் கேட்டார், இது என்ன என்று.

"பைப் அண்டி" என்றேன்.

முன்னால் போய்க்கொண்டிருந்த நைனா திரும்பினார்.

அவர் அந்தக் காவலர் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. யாரோ கோவிந்தா போட்டார்கள். "இதுவா?" என்றார். விஜயா கேட்ட அதே சொல்தான். அவள் குரலில் இருந்த சிரிப்பு இதில் இல்லை. "டென்மார்க் மேக்கு?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்று இருந்தது.

காவலர் புகையிலையை ஓரத்துப் பெட்டியில் போட்டார். பைப்பையும் போடப் போனார். அப்போது நைனா கையை நீட்டினார். "ஆக்கு மீரு தீஸ்கோண்டி சார். கட்ட மாக்கிச்சேயண்டி" என்றார். இலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டையை எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். காவலர் அவருடைய வெள்ளைத் தலையைப் பார்த்தார், பைப்பைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "மீரே உஞ்சுகோண்டி பெத்தாயனா" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, மேலே குடிக்கக்கூடாது என்று என்னைப் பார்த்து விரலை ஆட்டினார். நைனா பைப்பை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. பாதி வழியில் நைனா பைப்பை மடியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்தார். "எத்தினி வருசம் வரும்னு சொன்னே?" என்று கேட்டார்.

"நூறு வருசம் நைனா."

"உம்" என்று மறுபடியும் செருகிக்கொண்டார்.

வேண்டுதல் வேண்டுதல்தான் என்று மொட்டை போட்டுக்கொண்டார். தரிசனம் முடிந்து வெளியே வந்து ஓரமாக உட்கார்ந்தோம். லட்டைப் பிட்டு எனக்குக் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "இப்ப சொல்லு. வருவியா, மாட்டியா? தெரிலன்னு மட்டும் சொல்லாத."

"இப்பத்திக்கு வர முடியாது நைனா" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. "பொண்ணு அங்க படிக்குது. அங்க கீறப்ப இங்க வந்துடணும்னு கீது. இங்க வந்தா ரெண்டு நாள்ல கால் நிக்க மாட்டேங்குது. நான் இன்னா பண்றது?"

"ஆத்துல ஒரு காலு, சேத்துல ஒரு காலு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். மழித்த தலையைத் தடவிக்கொண்டார். "சரி. தோப்ப அந்த ஃபாக்டரிக்காரன் கிட்டயே குட்த்துடறேன். மரமாவது தண்ணி குடிக்கட்டும்."

அவர் அழுதிருந்தால், திட்டியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். மரமாவது என்று அவர் சொன்னது இன்றைக்கும் தாங்கவில்லை.

கீழே இறங்கித் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் நின்றபோது பைப்புக்காகக் கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. "இது என்கிட்ட இருக்கட்டும்" என்றார். "ஊர்ல எல்லாருகிட்டயும் பைப்பு வருது, பைப்பு வருதுன்னு சொல்லிட்டேன். வெறுங்கையோட எப்பிடிப் போவறது?"

நான் கிளம்பும்வரை அது மோட்டார் ஷெட்டில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சத்தியவேடு கம்பெனிக்கு வரவில்லை என்று எழுதிவிட்டு விமானம் ஏறினேன்.

இப்போது ஆர்ஹூஸில் மூன்று டப்பாக்களும் அலமாரியில் இருக்கின்றன. ஊதுவதற்குப் பைப் இல்லை. வேலைக்குப் போகிற வழியில்தான் கடை இருக்கிறது. உள்ளே போகிறேன், ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்க்கிறேன், வைத்துவிட்டு வந்துவிடுகிறேன். இன்னொன்று வாங்கினால் நைனாவை இரண்டாம் முறை ஏமாற்றுவதுபோல இருக்கிறது. சாயங்காலம் பால்கனியில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்துவிட்டு மூடுகிறேன். கேவண்டிஷில் விஜயாவின் அடுப்படி வருகிறது, லடாக்கியாவில் முனிரத்தினம் ஓடி வருகிறார். வர்ஜீனியாவை மட்டும் அதிக நேரம் திறந்து வைப்பதில்லை. போன வாரம் நீல்ஸ் மேலேயிருந்து தலையை நீட்டி, "புகையே காணோமே, நிறுத்திவிட்டாயா?" என்றார். பைப் என் தகப்பனிடம் இருக்கிறது என்று சொல்ல முயன்றேன். டேனிஷ் வரவில்லை. வந்தது பழைய வாக்கியம்தான்: "யாய் பீபர்." அவர் சிரிக்கவில்லை. சற்று நேரத்தில் பிளாஸ்கோடு கதவைத் தட்டினார். இந்த முறை நான் திருத்தவில்லை.

நேற்று நைனாவுக்குப் போன் செய்தேன். தோப்பில் இருந்தார். ஃபாக்டரிக்காரர்கள் புதுப் போர் போடுகிறார்கள். மிஷின் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. மரமெல்லாம் துளிர்த்திருக்கிறதாம். "பைப்பு பத்திரமா கீதா நைனா?" என்று நான் கேட்டேன். "கீது, கீது. தெனமும் தொட்ச்சி வைக்கிறேன்" என்றார். அப்போது பின்னாலிருந்து முனிரத்தினத்தின் குரல் கேட்டது: "இன்னா பெரிப்பா, உன் பையன் கொண்டாறேன்னு சொன்ன பைப்பு வந்துட்ச்சா இல்லியா?"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே நைனா அவருக்குப் பதில் சொன்னார்.

"ஒரு சாண் வந்துக்குது. மீதி அங்க கீது."